நூற்று நாற்பத்தேழு

"நூத்தி நாப்பத்தேழு" என்றாள். கைபேசியில் அறுபத்தொன்று என்று இருந்தது.

அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். திறந்திருந்தாலும் ஒன்றுதான். சர்க்கரை வியாதி இரண்டு வருடத்துக்கு முன்பே அவர் பார்வையை முடித்துவிட்டிருந்தது. ஜன்னல் பக்கம் வெளிச்சம், கதவுப் பக்கம் இருட்டு, நடுவில் நிழல்மாதிரி மகள், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

"நேத்து?"

"நாப்பத்தாறு. ஒண்ணு ஏறியிருக்குப்பா."

அவர் தலையாட்டினார். அவள் பால் டம்ளரை அவர் கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள். தினமும் பங்குச்சந்தை திறந்ததும் விலை, விலை கேட்டதும் பால், பால் குடித்ததும் மாத்திரை. எட்டு மாதமாக இந்த வரிசை மாறவில்லை. அப்பாவுக்கும் அவளுக்கும் நடுவே ஒரு நாளைக்கு நடக்கிற பேச்சில் முக்கால்வாசி இதுதான். அவளுக்கு நாற்பத்தொரு வயது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அதைப்பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்தப் பங்கு எவ்வளவு என்று ஒருநாள்கூடக் கேட்காமல் விட்டதும் இல்லை.

அந்தப் பங்குக்கு ஒரு கதை உண்டு. அப்பா ஒரு கார் ஷோரூமில் முப்பத்தொரு வருடம் இருந்தவர். விற்கிறவர்கள் வேறு, கணக்குப் பார்க்கிறவர்கள் வேறு. கடைசியில் வாங்கியவர் கையில் சாவியைக் கொடுப்பவர் அப்பா. சும்மா கொடுத்துவிட மாட்டார். வாங்கியவரை முதலில் உள்ளே உட்காரவைத்து, சீட்டை அவர் காலுக்கு ஏற்ப நகர்த்தி, கண்ணாடியைத் திருப்பி, வீட்டம்மாவைப் பக்கத்தில் உட்காரச்சொல்லி, அதற்கப்புறம்தான் சாவி. சாவியை சார் கையால் வாங்கினால் வண்டி மக்கர் பண்ணாது என்று ஒரு பேச்சு இருந்தது. அவர் மட்டும் கடைசிவரை பஸ்ஸில்தான் போய்வந்தார்.

கம்பெனி பங்குச்சந்தைக்கு வந்தபோது பழைய ஆட்களுக்கெல்லாம் கொஞ்சம் பங்கு ஒதுக்கினார்கள். ஓய்வு பெற்றதும் வந்த பணத்தில் பெரும்பகுதியையும் அதிலேயே போட்டார். அப்போது ஒரு கார் வேண்டும் என்றால் ஆறு மாதம் காத்திருக்கவேண்டும். ஜனங்கள் கார் வாங்குவதை நிறுத்துவார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

நிறுத்தவில்லைதான், தள்ளிப்போட்டார்கள். கடன் வட்டி ஏறியது. இருக்கிற வண்டியே இன்னும் இரண்டு வருடம் ஓடட்டும் என்றார்கள். பேட்டரி வண்டி விலை இறங்கட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். கம்பெனி மூன்று ஷோரூமை மூடியது. நூற்றுப் பதினெட்டில் இருந்த பங்கு ஒரே நாளில் ஒன்பது இறங்கியது. அவள் அதை அப்படியே அப்பாவிடம் சொன்னாள். அவர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். மறுநாளும் சாப்பிடவில்லை. சர்க்கரைக்காரர் இரண்டு நாள் பட்டினி கிடந்தால் என்ன ஆகும் என்று டாக்டர் அவளைத்தான் திட்டினார்.

மூன்றாம் நாள் இன்னும் நாலு இறங்கியிருந்தது. இரண்டு ஏறியிருக்கிறது என்றாள். அவர் எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டார். அன்று நடந்தது இவ்வளவுதான். ஒருவேளைச் சாப்பாட்டுக்காக வாயில் வந்ததைச் சொன்னாள். பிறகு அதிலிருந்து இறங்கி வர வழி தெரியவில்லை.

பொய் சொல்வதிலும் கெட்டிக்காரத்தனம் வேண்டியிருந்தது. தினமும் ஏறினால் சந்தேகம் வரும். அதனால் மூன்று நாள் ஏற்றினால் ஒருநாள் இறக்குவாள். ஒரு வாரம் முழுக்க அசையாமல் நிறுத்தியும் வைத்திருக்கிறாள். டிவி பெட்டி ரிப்பேர் என்று சொல்லி இணைப்பைப் பிடுங்கிவிட்டாள். அவள் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். எழுத்துப் பலகையை மாட்டி, கடைசி வரி தெரிகிறதா என்று நாள் முழுக்க ஊராரைக் கேட்கிறவள், வீட்டுக்கு வந்தால் கண் தெரியாத மனிதரிடம் இல்லாததை வாசித்துக்கொண்டிருந்தாள். தன்னை நினைத்து அவளுக்கே சில நாள் சீ என்று இருக்கும்.

அன்று காலை அப்பா பாலைப் பாதி குடித்துவிட்டு டம்ளரை நீட்டினார். "நூத்தம்பது வரட்டும்னு பார்த்தேன். எதுக்குப் பேராசை? வித்துடு."

இன்னும் கொஞ்சம் பார்க்கலாமே என்றாள். அவர் கேட்பதாக இல்லை.

"இன்னும் எத்தனை நாளைக்கு அந்தாள் கடையில கண்ணாடி தொடச்சுக் குடுப்ப? உனக்குன்னு ஒரு கடை போடு. சின்னதா இருந்தாலும் உன் பேர்ல இருக்கட்டும்."

சொந்தக் கடை என்று அவள் ஒரே ஒருமுறை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள், அதுவும் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு, துணி காயப்போடும்போது. அதை இவர் இத்தனை காலம் மனதில் வைத்திருந்திருக்கிறார். கைபேசியின் திரையில் எங்கேயோ இரண்டு தட்டு தட்டினாள், அவருக்குச் சத்தம் கேட்கவேண்டும் என்பதற்காக.

"வித்துட்டேன்பா."

"முழுசுமா?"

"முழுசும்."

அவர் பெருமூச்சு விட்டார். அவள் அடுக்களையில் டம்ளரைக் கழுவிக்கொண்டிருக்கும்போது அவர் தன்னுடைய பட்டன் போனைத் தடவி எடுத்து இரண்டாம் எண்ணை அழுத்துவது தெரிந்தது. இரண்டாம் எண் பைப்பு மாமாவுடையது. ஷோரூமில் புது வண்டிகளை நிறுத்திவைக்கிற யார்டில் அவற்றைக் கழுவுகிறவர். எந்நேரமும் கையில் ரப்பர் பைப்போடு நிற்பதால் அந்தப் பெயர். இரண்டு பேரும் தினமும் ஏதோ பழங்கதை பேசுவார்கள். அவள் காதுகொடுத்துக் கேட்டதில்லை. அன்று அப்பா சத்தமாகச் சிரித்தார். நல்லவேளை, சிரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு கதவைப் பூட்டி, சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

மூன்று மணிக்கு எதிர்வீட்டம்மா டீ கொண்டுபோனபோது அப்பா உயிரோடு இல்லை. ஒரு வாடிக்கையாளர் காதுக்குப் பின்னால் கண்ணாடியின் காலை வளைத்துச் சரிசெய்துகொண்டிருந்த அவளுக்குப் போன் வந்தது. கையில் இருந்த வேலையை முடித்து, இப்போது இறுக்குகிறதா என்று கேட்டு, இல்லை என்று அவர் சொன்னபிறகே கிளம்பினாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

வீட்டில் எதிர்வீட்டம்மா, அப்பா தூங்குகிற மாதிரியே இருக்கிறார் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அப்பா தூங்கும்போது வாயைத் திறந்துவைத்துத் தூங்குவார். இது தூக்கம் மாதிரி இல்லவே இல்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவளுக்கு முதலில் தோன்றியது, இனி யாருக்கும் விலை சொல்லவேண்டாம் என்பதுதான். அப்பாடா என்று இருந்தது. அடுத்த கணமே அந்த அப்பாடாவை எங்கே கொண்டுபோய் ஒளித்துவைப்பது என்று தெரியாமல் அழ ஆரம்பித்தாள். இதை மனம்விட்டுச் சொல்ல ஒரு மனுஷர்கூட அவளுக்கு இல்லை.

மறுநாள் காலை அண்ணன் வந்துவிட்டான். வேறு ஊரில் வேலை, பெரிய குடும்பம், எப்போதும் அவசரம். அப்பாவின் காலடியில் சிறிது நேரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டவன், பிறகு மளமளவென்று காரியத்தில் இறங்கினான். அப்பாவைக் கொண்டுபோகும் வண்டிக்குப் பதினோரு மணி என்று சொன்னான். நாற்காலிகளை வரிசையாகப் போட்டான். அவள் கூடத்தின் ஓரத்தில் நின்றுகொண்டே இருந்தாள். சந்தை திறக்கிற நேரம் ஆனதும் கை தன்னால் கைபேசியை எடுத்தது. ஐம்பத்தொன்பது.

அண்ணன் அவள் தோளுக்கு மேலாக எட்டிப்பார்த்துவிட்டு, இந்தக் குப்பையை இன்னுமா வைத்திருக்கிறீர்கள், அப்பாவின் பிடிவாதம் இருக்கிறதே என்றான்.

பைப்பு மாமா பத்து மணிக்கு வந்தார். லிஃப்டுக்குக் காத்திருக்காமல் நாலு மாடி ஏறிவந்ததில் மூச்சு வாங்கியது. அறுபதைத் தாண்டியும் வேலையை விடவில்லை. கால்சட்டையின் கீழ்ப்பக்கம் ஈரமாகவே இருந்தது, யார்டில் இருந்து நேரே வந்திருக்கவேண்டும். அப்பாவின் முகத்தைப் பார்த்தார், கையைத் தொட்டார், சத்தமில்லாமல் அழுதார். ஷோரூமில் இருந்து வந்த ஒரே ஆள் அவர்தான். சாவி வாங்கிப்போன ஆயிரக்கணக்கான பேரில் ஒருத்தர் வரவில்லை. எப்படி வருவார்கள், யாருக்குத் தெரியும் என்று அவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். வருத்தம் போகவில்லை.

கொஞ்சம் ஆறியதும் அவர் அவளைப் பால்கனிப் பக்கம் கூப்பிட்டார். இந்த நேரத்தில் கேட்கக்கூடாதுதான் என்று இழுத்தார்.

"நேத்துக் காலைல சார் போன் பண்ணாரு பாப்பா. பாப்பா வித்துடுச்சு, நீயும் வித்துடு, இதுக்கு மேல பொறுக்காதன்னாரு. அவ்வளவு சந்தோஷமா அவர் பேசிக் கேட்டு வருஷமாச்சு. எனக்கு அந்த வித்தையெல்லாம் தெரியாது. நீதான் எனக்கும் வித்துக் குடுக்கணும்."

அவரிடமும் பங்கு இருக்கிறது. இருக்கும் என்று அவள் நினைத்தே பார்க்கவில்லை. பழைய ஆட்கள் எல்லோருக்கும் கொடுத்தார்கள் என்றால் அதில் வண்டி கழுவுகிறவரும் சேர்த்திதானே.

அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். எட்டு மாதத்துக்கு முன்பு விலை சரிந்தபோது விற்றுவிடப் போனாராம். சார்தான், பொறு, மறுபடி ஏறுது, பாப்பா தினமும் பார்த்துச் சொல்கிறது என்று நிறுத்தினாராம். மகனிடம் கேட்டால் எரிந்துவிழுவான், இவரிடம் இருப்பதோ பட்டன் போன், சார் சொல்லும்போது வேறு யாரைக் கேட்கவேண்டும்? மனைவிக்கு முட்டி போய்விட்டது, மூன்றாம் மாடியில் இருந்து இறங்கி ஐந்து மாதம் ஆகிறது. நூற்று நாற்பத்தேழு என்றால் தரைத்தளத்தில் ஒரு வீட்டை ஒத்திக்கு எடுக்கக் கட்டிவரும். வீடும் பார்த்துவிட்டார். வாசலில் ஒரு படிகூட இல்லாத வீடு. இன்று சாயங்காலத்துக்குள் சரி என்று சொல்லவேண்டும். இப்போது இருக்கும் வீட்டைக் காலிசெய்வதாக அந்த வீட்டுக்காரரிடமும் சொல்லவேண்டும்.

ஒரு நிமிடம் மாமா என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். அடுக்களையில் அண்ணன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். எட்டு மாதமாக யாரிடமும் சொல்லாததை அவனிடம் நாலு வரியில் சொன்னாள். அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். திட்டுவான் என்று நினைத்தாள். அவன் திட்டவில்லை.

"நேத்து மத்தியானத்துக்கு மேல திடீர்னு விழுந்துடுச்சுன்னு சொல்லு. சந்தைன்னா அப்படித்தான். யாருக்குத் தெரியப்போகுது?"

நியாயமாகத்தான் பட்டது. சொன்னால் நம்புவார். அப்பா பேரும் கெடாது, அவள் பேரும் கெடாது. போன எட்டு மாதத்தில் இதைவிடப் பெரிய பொய்யையெல்லாம் கண்ணிமைக்காமல் சொன்னவள்தான். அடுக்களை மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே அவர் மூக்கைச் சிந்துவது கேட்டது. ஒரே நாளில் விழுந்தது என்றால் ஒரே நாளில் ஏறும் என்று அவர் காத்திருப்பார். தினமும் போன் பண்ணுவார். அவள் மறுபடி ஆரம்பிக்கவேண்டும்.

திரும்பிப் பால்கனிக்கு வந்தாள்.

"மாமா, அது நூத்தி நாப்பத்தேழு இல்ல. அம்பத்தொம்பது. ரொம்ப நாளாவே அப்படித்தான். அப்பா சாப்பிடணும்னு நான்தான் கூட்டிச் சொன்னேன். எதையும் விக்கல, நான் வித்துட்டேன்னு சொன்னதும் பொய்தான்."

அவருக்குப் புரிய நேரம் எடுத்தது. கீழே தெருவைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"அப்போ சார் எங்கிட்ட சொன்னது?"

"நான் சொன்னதைத்தான் சொன்னார். அவருக்கு வேற எதுவும் தெரியாது. அவரைத் தப்பா நினைக்காதீங்க."

அவர் பால்கனிக் கம்பியைப் பிடித்தார். தண்ணீரிலேயே ஊறி ஊறி விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. கத்தினால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

"யார்டுல நிக்க இடமில்ல பாப்பா" என்றார். "எரநூறு வண்டி நிக்குது. டயர் ஒரே பக்கமா அமுங்கிடும்னு வாரத்துக்கு ஒருக்கா நான்தான் ஒவ்வொண்ணையும் அரைச் சுத்துத் தள்ளி வைக்கிறேன். போன வருஷத்து வண்டியே இன்னும் போகல. என் கண்ணால பார்க்கிறேன். சார்கிட்டயும் சொன்னேன், இவ்வளவு வண்டி நிக்குதே சார், எப்படி ஏறுதுன்னு. எல்லாம் நமக்குத் தெரியறதில்லடான்னாரு. நானும் சரின்னுட்டேன். என் கண்ணை விட்டுட்டு அவரை நம்பிட்டேன்."

அவளுக்குத் திக்கென்றது. யார்டு நிறைகிறது என்று அப்பாவுக்குத் தினமும் தெரிந்துகொண்டிருந்தது. முப்பத்தொரு வருடம் அங்கேயே கிடந்த மனிதர். எரநூறு வண்டி நின்றால் என்ன அர்த்தம் என்று அவருக்கா தெரியாது? இருந்தும் தினமும் காலையில் அவளிடம் விலை கேட்டார், அவள் சொன்னதை வாங்கிக்கொண்டார். நிஜமாகவே நம்பினாரா, நம்பவேண்டும் என்று நம்பினாரா? கேட்க வேண்டிய ஆள் கூடத்தில் வெள்ளைத்துணிக்குள் படுத்திருந்தார்.

"நீங்களும் வச்சிருக்கீங்கன்னு எனக்குத் தெரியாது மாமா."

"கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம் நீ."

அவள் அப்பாவின் பங்கை விற்றுத் தன் பாகத்துக்கு வருவதைத் தருவதாகச் சொல்ல வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். சட்டைப்பையில் இருந்து போனை எடுத்து, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு எண்ணைத் தேடினார். அந்த வீடு வேண்டாம், வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சொன்னார். காரணம் கேட்டார்கள் போலிருக்கிறது. எங்கள் சார் இறந்துவிட்டார் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

பதினொன்றரைக்கு வண்டி வந்தது. லிஃப்ட் மூன்று பேர் நெருக்கி நிற்கிற அளவு, ஸ்ட்ரெச்சர் உள்ளே போகாது. நாலு மாடியும் கையில் தூக்கித்தான் இறக்கவேண்டும். வண்டியோடு வந்தது ஓட்டுநர் ஒருத்தர்தான். தலைப்பக்கம் அண்ணனும் எதிர்வீட்டுக்காரரும் நின்றார்கள். கால்பக்கம் ஓட்டுநர் ஒருபுறம் பிடித்தார், மறுபுறம் ஆள் இல்லை. படியில் இறங்கும்போது பாரமெல்லாம் கீழே இருப்பவன் மேல்தான் விழும். உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பைப்பு மாமா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அந்த மூலையைப் பிடித்தார். உங்களால் முடியாது, விடுங்கள் என்று அண்ணன் சொன்னான். அது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

முதல் திருப்பத்திலேயே ஸ்ட்ரெச்சர் சுவரில் இடித்து நின்றது. நாலு பேரும் நாலு பக்கம் இழுத்தார்கள். "எல்லாரும் பேசாம இருங்க" என்றார் அவர். பின்பக்கமாக ஒரு படி இறங்கி, தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்து, யார்டில் இண்டு இடுக்கில் வண்டி எடுக்கும்போது சொல்கிற குரலில் சொல்ல ஆரம்பித்தார்.

"வா... வா... வரலாம். லேசா ஒடி. அந்தப் பக்கம் இடம் இருக்கு, வா. ஆங், நில்லு. இப்ப நேரா விடு."

திருப்பம் தாண்டியது. அவள் பின்னாலேயே இறங்கினாள். மூன்றாம் மாடிக்காரர்கள் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மெல்லச் சாத்திக்கொண்டார்கள். அவர் மூச்சு இரைப்பது மேலே இருந்த அவளுக்கே கேட்டது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவர் ஒருமுறைகூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கவேண்டும் என்று அவள் கெஞ்சாத குறையாக அவரையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் அப்பாவின் தலை ஒருபக்கமாகச் சாய்ந்தது. தலைப்பக்கம் பிடித்திருந்த இருவருக்கும் அது தெரியவில்லை. கீழே இருந்தவர்தான் பார்த்தார்.

"பாப்பா, சார் தலை சாயுது. பிடி."

அவள் அண்ணனுக்கும் சுவருக்கும் நடுவே நுழைந்து இரண்டு கையாலும் அப்பாவின் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"பிடிச்சிருக்கியா?"

"பிடிச்சிருக்கேன் மாமா."

"சரி, வா" என்றார். இறங்க இன்னும் இரண்டு மாடி இருந்தது.